பிரேக் கட்டை உரசுதுக்கா!

பஞ்சர் ஒட்டுவது சுலபம். கழற்றிய பின்சக்கரத்தை நேராகத் திரும்ப மாட்டுவதில்தான் சைக்கிள் கடைக்காரியின் உயிர் போகும். வீட்டிலேயே மாட்டிப் பார்த்து, கையெல்லாம் கிரீஸோடு, 'கிறீச் கிறீச்' என்று ஓட்டிக்கொண்டு போனவரா நீங்கள்? அப்படியென்றால் நீங்களும் நம்ம கூட்டம்தான். வீட்டுக்காரர் கம்பெனி வேலைக்குப் போனதிலிருந்து, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போகும் ரோட்டில் இருக்கும் எங்கள் கடையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒடம்புல தெம்பு இல்ல

பேக்கிங் செக்ஷனில் வேலை செய்யும் ஸ்டெல்லா, டயருக்குக் காற்றடிக்க வந்தாள். மூச்சு இரைத்தது. "முன்ன மாதிரி மிதிக்க முடியலக்கா. தொடையெல்லாம் நோவுது. டானிக் குடிச்சுக்கினுதான் இருக்கேன், கேக்கல. ஊட்டுல வேலைய உட்டுடுன்றாங்க" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கியது. வேலையை விட அவளுக்கு மனசில்லை.

சைக்கிளின் பின்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். அரைச் சுற்றுகூட வரவில்லை, நின்றுவிட்டது. எங்கேயோ பஞ்சர் ஒட்டியவர் சக்கரத்தைச் சாய்வாக மாட்டியிருக்கிறார். பிரேக் கட்டை ரிம்மைக் கவ்விப் பிடித்திருந்தது. இத்தனை நாளும் பிரேக் பிடித்தபடியேதான் மிதித்திருக்கிறாள்! இரண்டு நட்டையும் தளர்த்தி, சக்கரத்தை நடுவுக்குக் கொண்டுவந்து, செயினை இழுத்து வைத்து, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சமாக முடுக்கினேன். தெருமுனை வரை ஓட்டிப்போனவள் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

"அப்போ எனக்கு ஒண்ணும் இல்லியாக்கா? நல்லவேளை, வேலைய உடறேன்னு சூப்பர்வைசராண்ட இன்னும் சொல்லல!"

சத்தம் நின்றது

பொன்னேரி பக்கமிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அந்தம்மா புடவை முழுக்க வயல் சேறு. முழங்கையில் சிராய்ப்பு. பின்சக்கரத்தை அந்தப் புருஷன்தான் மாட்டியிருக்கிறார். கட்டை உரசிச் சத்தம் வந்ததும், பேஜாரே வேண்டாமென்று கட்டைகளையே கழற்றி எறிந்துவிட்டார். முன்பிரேக் எப்போதோ போயாச்சு. மேம்பாலத்துச் சரிவில் இறங்கிய அந்தம்மா வளைவில் திரும்ப முடியாமல் நேராக நாற்றுக்குள் போய் விழுந்திருக்கிறார். ரோட்டில் லாரி எதுவும் வராதது புண்ணியம்.

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த ஆள் தோள் துண்டை நனைத்து, மனைவியின் கையில் காய்ந்திருந்த சேற்றை நோகாமல் துடைத்துக்கொண்டிருந்தார். புதுக் கட்டைகளை மாட்டி, முன்பிரேக்கையும் சரிசெய்தேன். அவர் பிரேக்கைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்; விடவே மனசு வரவில்லை. அந்தம்மாதான் சமாதானம் சொன்னார்:

"அவர ஒண்ணும் சொல்லாதம்மா. சத்தம் வருதுன்னேன், நிறுத்திட்டாரு. வண்டியும் நிக்கணும்னு நான் சொல்லலியே!"

நல்ல சைக்கிள்

ஒடிசாவிலிருந்து வந்து வேலை பார்க்கும் பையன் ஒருவன், ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதே என்று சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டே ஓடிவந்தான். அறை நண்பனுடைய சைக்கிளாம். பள்ளத்தில் விட்டதில் ரிம் கோணியிருந்தது. சக்கரத்தை நடுவில் வைத்தாலும் சுற்றுக்கு ஒருமுறை கட்டையில் இடித்தது. நண்பன் என்ன சொல்வானோ என்று அவன் முகம் வாடிவிட்டது. எனக்கு இந்தி வராது, அவனுக்குத் தமிழ் அரைகுறை. ஸ்போக் கம்பிகளை ஒவ்வொன்றாக முடுக்கிக் கோட்டம் எடுத்து முடிக்கவும், கம்பெனி சங்கு ஊதவும் சரியாக இருந்தது.

எனக்குத்தான் சங்கடமாகப் போனது. அவனோ சக்கரத்தைச் சுற்றிவிட்டு, எங்கேயும் இடிக்காமல் சுற்றுவதை ஆசையாகப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"அக்கா, சைக்கிள் நல்லா. நான் மட்டும் லேட்."

எங்கள் பக்கத்து ஜனங்கள் எது உரசினாலும் இறங்கிப் பார்ப்பதில்லை, இன்னும் கொஞ்சம் அழுத்தி மிதிக்கிறார்கள், அந்தப் புண்ணியத்தில்தான் என் கடை ஓடுகிறது.