புகையக்காவின் புகைக்குழாய்

எங்கள் தெருவில் அவரைப் புகையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய பழைய பெட்ரோல் கார் கிளம்பினால் மாடியில் காயும் துணிகளை அள்ளிக்கொண்டு எல்லோரும் உள்ளே ஓடுவோம். வாரத்துக்கு மூன்று நாள் அந்தக் காரில் டயாலிசிஸ் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். பின் சீட்டில் ஒரு தையல்காரர், ஒரு டீச்சரம்மா. முன் சீட்டில் அவருடைய வீட்டுக்காரர்.

ஊருக்குள் பெட்ரோல், டீசல் கார்கள் இனி ஓடக்கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. அக்கா நேராக எலக்ட்ரிக் கார் ஷோரூமுக்குப் போனார். விலையைக் கேட்டதும் தலை சுற்றியது.

"தடையெல்லாம் தேவையே இல்லக்கா," என்றான் விற்பனைப் பையன். "சந்தைய அது போக்குல விட்டா வெல தானா எறங்கும்."

"எப்ப தம்பி எறங்கும்?"

"அஞ்சு வருஷத்துல."

"எங்க வீட்டுக்காரருக்கு நாளைக்கே டயாலிசிஸ் பண்ணணும் தம்பி."

அக்காவின் தம்பி மெக்கானிக். விபத்தில் நொறுங்கிய ஒரு எலக்ட்ரிக் காரிலிருந்து மோட்டாரையும் பேட்டரியையும் கழற்றி, எஞ்சினைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் பொருத்தினான். மறுநாள் கார் சத்தமே இல்லாமல் நகர்ந்தது.

"ஏம்மா, வண்டி நின்னுபோச்சா?" என்றார் தையல்காரர்.

"ஓடிக்கிட்டிருக்குண்ணே. வெளிய பாருங்க."

வீட்டுக்காரர் சிரித்தார். "இனி இவள என்னன்னு கூப்புடுவாங்க?"

சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. புகைச் சோதனை நிலையத்தில் அதிகாரி கையில் கம்பியோடு காரின் பின்னால் குனிந்தார்.

"குழாய் எங்கம்மா?"

"புகையே இல்ல சார். குழாய் எதுக்கு?"

"குழாய்க்குள்ள கம்பிய விட்டு அளந்தாத்தான் புகை இல்லன்னு எழுத முடியும். போயிட்டு வாங்க."

தம்பி கடுப்பாகிவிட்டான். "குழாய்தான வேணும்? மாட்டிருவோம்க்கா." பழைய புகைக்குழாயைத் தேடி எடுத்து, சும்மா பேருக்குக் காருக்கு அடியில் வெல்டிங் வைத்து ஒட்டினான்.

இந்த முறை கம்பி உள்ளே போனது. சைபர்! அக்கா அந்தச் சீட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அடுத்த மேசைக்காரர் எழுந்து வந்து காரைச் சுற்றிப் பார்த்து எழுதினார்: 'புகைக்குழாய் உண்டு. எரிபொருள் வாகனம். தடை.'

அக்கா பானட்டைத் திறந்து காட்டினார். "எஞ்சினே இல்ல சார், பாருங்க."

எட்டிப் பார்த்தவர் கூடவே ஒரு வரி எழுதினார்: 'எஞ்சின் இல்லை. ஓடாத வண்டி. நசுக்க வேண்டியது.'

"குழாய இப்பவே வெட்டிடறேன் சார்!"

"எழுதினப்புறம் வெட்டினா கேஸாயிடும்."

காரை நசுக்கும் இடத்துக்கு எடுத்துப்போக வேண்டும். இழுவை வண்டியோ டீசல் வண்டி. ஊருக்குள் வர அதற்கு அனுமதி இல்லை.

"நீங்களே ஓட்டிட்டுப் போய் விட்டுருங்கம்மா," என்றார் மேசைக்காரர்.

ஓடாத வண்டியை அக்காவே ஓட்டிக்கொண்டு போனார். நசுக்குவதற்கு முன் பேட்டரியை மட்டும் பத்திரமாக இறக்கி வைத்தார்கள். அது நல்ல பேட்டரியாம்.

அடுத்த இரண்டு முறையும் வீட்டுக்காரர் பஸ் மாறி மாறி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். மூன்றாவது முறை பஸ் படியில் ஏற முடியவில்லை. "நாளைக்குப் போலாம்டி," என்றார். மறுநாளும் அதையே சொன்னார். அதற்கடுத்த நாள் காலையில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் நின்றுபோனது.

ஆஸ்பத்திரி வண்டிகளுக்குத் தடையிலிருந்து விலக்கு உண்டு. உடலை ஏற்றிப்போக வந்தது பழைய டீசல் வண்டி. அது கிளம்பியதும் தெரு முழுக்கக் கறுப்புப் புகை. பின்னால் அக்கா வெறுங்காலோடு ஓடினார்.

எதிர்மாடியிலிருந்து பழக்கதோஷத்தில் ஒரு குரல் கேட்டது: "புகையக்கா கெளம்பிட்டாங்க, துணிய எடுங்க!"

எடுத்தோம்.