கோழிக்கு டீ ஊற்றிய கோடை

என் மாமனாருக்கு விஷயம் தெரியுமா, தெரியாதா? போன கோடையில் தொடங்கிய இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் அவருடைய பழைய கண்டக்டர் பை தொங்குகிறது. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் நடுவே பஸ்ஸில் டிக்கெட் கிழித்த காலமெல்லாம் அவர் தோளில் கிடந்த தோல் பை அது. உள்ளே, முட்டை உடையாமலிருக்க அவரே மடித்து வைத்த ஒரு வெள்ளை வேட்டித் துண்டு. அந்தத் துண்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை. எத்தனை முறை சோப்புப் போட்டாலும் போகவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் முதலில் சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்ததும் கவலை வருகிறது. எனக்கு எல்லாமே இந்த வரிசையில்தான் வரும்.

நாங்கள் ஏற்காடு மலையில், நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் இருக்கிறோம். என் கணவர் அங்கே ரைட்டர். ஆள் கணக்கும் மூட்டைக் கணக்கும் அவர் பொறுப்பு. எஸ்டேட் கொடுத்த சின்ன வீடு, பின்னால் கொஞ்சம் இடம், அதைத் தாண்டினால் காபிச் செடிகள். ஒரு மகள், அப்போது அவளுக்கு நான்கு வயது. மூன்று நாட்டுக்கோழிகள். கோடைக்குச் சற்று முன்பு மாமாவுக்கு நெஞ்சுவலி வந்து, சேலம் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னொரு குழாயிலும் அடைப்பு இருக்கிறது, இப்போதைக்கு மாத்திரையில் பார்க்கலாம், காலையும் மாலையும் நடக்க வேண்டும், கோடை முடிந்ததும் வந்து காட்டுங்கள் என்றார் டாக்டர். அப்போதும் நிலைமை சரியில்லை என்றால் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். அதே வாரத்தில்தான் என் நாத்தனார் தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்து சேர்ந்தாள்.

ஒரே வீட்டில் நெஞ்சுவலிக்காரரையும் பிள்ளைத்தாய்ச்சியையும் அத்தையால் பார்க்க முடியாது. சேலத்து வெயிலும் மாமாவுக்கு ஆகாது. அதனால் அவர் மலைக்கு வருவது என்று முடிவானது. கார் கிளம்பும்போது அத்தை ஜன்னலில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "நடக்க மட்டும் வெச்சுரு கண்ணு. நான் சொன்னா சண்டைக்கு வருவாரு. நீ படிச்ச புள்ள, நீ சொன்னாக் கேப்பாரு."

நான் சொன்னால் எங்கள் கோழிகூடக் கேட்பதில்லை என்பது அத்தைக்குத் தெரியாது.

மாமா மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொண்டார். உப்பில்லாத ரசத்தை முகம் சுளிக்காமல் குடித்தார். நடக்க மட்டும் மாட்டேன் என்றுவிட்டார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால், சாப்பிடத்தான் எழுந்திருப்பார். நான் செல்போனில் படித்ததையெல்லாம் எடுத்துச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுவிட்டு, "ஏஞ்சாமி, ஒரு வேலையுமில்லாம ரோட்டுல நடக்கறதுக்கு நான் என்ன டூரிஸ்டா?" என்றார்.

முதலில் அது சோம்பல் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. எங்கள் பக்கத்தில் வழியில் யாரைப் பார்த்தாலும் "எங்கீங்க, இந்தப் பக்கம்?" என்று கேட்பார்கள். அதற்கு ஒரு பதில் இருக்க வேண்டும். ரேஷன் கடைக்கு, பஸ்ஸுக்கு, துக்கத்துக்கு, எதுவானாலும் சரி. சும்மா நடக்கிறேன் என்பது பதிலாகாது. அது ஏரியைச் சுற்றிப் படம் பிடிப்பவர்கள் சொல்வது. மாமாவை இந்த மலையில் தெரியாதவர்கள் கிடையாது. ஒரு ஃபர்லாங் நடந்தால் பத்துப் பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். பத்துப் பேரிடமும் "டாக்டர் நடக்கச் சொன்னாரு" என்று சொல்வதைவிட நாற்காலியில் உட்கார்ந்திருப்பதே மேல் என்று அவர் நினைத்தார்.

இவ்வளவுக்கும் டாக்டர் நடக்கச் சொன்னது அவரை மட்டுமல்ல. மகள் பிறந்த நாளிலிருந்து எனக்கு ரத்த அழுத்தம் இறங்கவேயில்லை. ஏற்காட்டில் பார்த்த டாக்டரம்மா அந்த மாதம் கோபமாகவே சொல்லி அனுப்பினார்: மாத்திரையைக் கூட்டலாமா, இல்லை நீங்கள் நடக்கப் போகிறீர்களா? வீட்டுக்கு வந்து கணவரிடம் இதைச் சொன்னபோது, "எனக்கு எங்கங்க நேரம்?" என்று நானே முடித்துவிட்டேன். வாசல் நாற்காலியில் மாமா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரைத் திருப்பும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்கவில்லை. இதை நான் வெகுநாள் கழித்துத்தான் நினைத்துப் பார்த்தேன்.

பிறகு வழி காட்டியது கோழிதான். மூன்றில் கறுப்புப் பெட்டை கூடையில் முட்டையிடுவதை நிறுத்திவிட்டுக் காபிச் செடிகளுக்குள் போய் இட ஆரம்பித்தது. ஒரு நாள் காலை அது தூரத்தில் கொக்கரிப்பதைக் கேட்டு மாமா எழுந்தார். "அங்க எங்கியோ போட்டு வெச்சிருக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். அரை மணி நேரம் கழித்து, வியர்த்த முகமும் கையில் ஒரு முட்டையுமாகத் திரும்பினார். அவ்வளவு மலர்ந்த முகத்தை அந்த வருடத்தில் நான் பார்த்திருக்கவில்லை. "ஒரு டிக்கெட்டு" என்று முட்டையை மேடைமேல் வைத்தார். மறுநாள் பெட்டியிலிருந்து கண்டக்டர் பை வெளியே வந்தது. தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினார். வேலியோரம் நின்ற ஆட்கள், "எங்கீங்க கண்டக்டரய்யா?" என்று கேட்டார்கள். "முட்டை தேடறேனுங்க" என்று தலை நிமிர்ந்து சொன்னார்.

டாக்டர் அவருக்கு மஞ்சள் கருவைத் தடுத்திருந்தார். அதனால் கிடைத்த முட்டை வேகவைத்துப் பங்காகும். வெள்ளை அவருக்கு, மஞ்சள் என் மகளுக்கு. "அப்பாரு, உங்களுக்கு மஞ்சள் பிடிக்காதா?" என்று அவள் தாத்தாவிடம் கேட்பாள். "நொம்பப் பிடிக்கும் கண்ணு, அதான் உனக்குத் தாரேன்" என்பார் அவர்.

இரண்டு வாரத்தில் கறுப்புப் பெட்டை அடைக்கு உட்கார்ந்துவிட்டது. மற்ற இரண்டும் சமர்த்தாகக் கூடையிலேயே இட்டன. மாமா மறுபடி நாற்காலிக்குப் போய்விட்டார். ஒரு நாள் பார்த்தேன், இரண்டு நாள் பார்த்தேன். அத்தை போனில், "நடக்கறாரா கண்ணு?" என்று கேட்க, நான், "நடக்கறாருங்க அத்தை" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்ததும், சொன்னதை உண்மையாக்கியாக வேண்டும் என்று தோன்றியது. கூடையிலிருந்து ஒரு முட்டையை எடுத்து முந்தானையில் மறைத்துக்கொண்டு கொல்லைப்புறமாக இறங்கினேன். பலா மரத்தடியில் சருகை ஒதுக்கி வைத்துவிட்டு வந்து, "மாமா, அந்தப் பக்கம் ஏதோ கொக்கரிச்ச மாதிரி இருந்துச்சுங்க" என்றேன்.

அன்றிலிருந்து அது தினசரி வேலையாகிவிட்டது. வாரத்துக்கு வாரம் தூரத்தைக் கூட்டினேன். பலா மரத்திலிருந்து தண்ணீர்த் தொட்டி, தொட்டியிலிருந்து பம்ப் ரூம், அதையும் தாண்டி மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள். வைக்க ஒரு முறை போக வேண்டும். அவர் போனதும் வழுக்கி விழுந்துவிட்டால் என்ன செய்வது, பாம்பு இருந்தால் என்ன செய்வது என்று பயந்து, கீரை பறிக்கும் சாக்கில் பின்னாலேயே இன்னொரு முறை போக வேண்டும். காலை ஒன்று, மாலை ஒன்று. முட்டை இன்னும் கிட்டே வைத்திருக்கலாமோ, சரிவில் வைத்தது தப்போ என்று அடுப்படியில் நின்று யோசிப்பது தனி.

நடுவில் ஏற்காட்டில் கோடை விழா வந்தது. கூடவே விருந்தாளிகளும் வந்தார்கள். என் சித்தப்பா குடும்பம், கணவரின் நண்பர்கள், யாரோ ஒருவருடைய மைத்துனர். கூடையில் சேர்ந்த முட்டையெல்லாம் ஆம்லெட்டாகப் போய்விட்டது. வேறு வழியில்லாமல் டவுனில் ஒரு கடையில் நாட்டுக்கோழி முட்டை வாங்கி அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்தேன். அதையும் என் மகள் பார்த்துவிட்டாள். அன்று மத்தியானம் சாப்பாட்டில் எல்லோர் முன்னிலையிலும், "அப்பாரு, கோழி முட்டை போடல. அம்மாதான் காபிச் செடிக்குள்ள போட்டாங்க" என்றாள்.

என் கணவர் புரையேறி எழுந்து போனார். மாமா ரசத்தைக் குடித்து முடித்து, டம்ளரை வைத்தார். "உங்கம்மா கெட்டிக்காரி கண்ணு, போட்டாலும் போடுவா" என்றார். சாயந்திரம் வழக்கம்போலப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அதற்குச் சில நாட்களில் கோடை மழை பிடித்துக்கொண்டது. காலையில் சில்வர் ஓக் மரத்தடியில் நான் வைத்த முட்டை அன்று பகல் முழுவதும் மழையில் நனைந்தது. மழை விட்டதும் மாமா குடையோடு போனார். நெடுநேரமாக வரவில்லை. மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினேன். பம்ப் ரூம் அருகே எதிரே வந்தார், மூச்சு வாங்காமல், மேட்டில் ஏறி. ஓடிவந்த எனக்குத்தான் வாங்கியது. "எதுக்கு ஓடியார? பஸ்ஸு எங்க போவுது?" என்றார்.

வீட்டுக்கு வந்து பையிலிருந்து முட்டையை எடுத்து மேடைமேல் வைத்தார். ஒரு பக்கம் பழுப்பு, இன்னொரு பக்கம் பளீரென்று வெள்ளை. நடுவில் கோடு கோடாகச் சாயம் வழிந்திருந்தது. பிராய்லர் முட்டையை டீத் தண்ணீரில் முக்கி நாட்டு முட்டை என்று விற்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கே விற்பார்கள் என்று நினைக்கவில்லை. மாமா தன் உள்ளங்கையைப் பார்த்தார். அங்கேயும் பழுப்பு. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"ஏஞ்சாமி, கோழிக்கு டீ ஏதாச்சும் குடுக்கறியா?"

கையில் கரண்டியோடு நின்றேன். "காலையில மிச்சம் இருந்துச்சுங்க மாமா. கொஞ்சம் ஊத்துனேன்."

அவர் முட்டையை விளக்கு வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "அப்பச் சரி. சக்கரை மட்டும் கம்மியாப் போடு. அதுக்கும் சுகர் வந்து அதையும் நடக்கச் சொல்லிப் போடுவாங்க."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவேயில்லை. மறுநாளும் போனார், அதற்கு மறுநாளும் போனார். நானும் வைத்துக்கொண்டேயிருந்தேன், கடையில் ஈரத் துணியால் தேய்த்துப் பார்த்து வாங்கிய முட்டைகளை.

கோடை முடிந்து சேலத்துக்குப் போனோம். நாத்தனாருக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. ஆஸ்பத்திரியில் மாமாவை எந்திரத்தில் நடக்கவிட்டுப் பார்த்த டாக்டர், ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம், இப்படியே நடந்துகொண்டிருங்கள் என்றார். நான் அழுதுவிடுவேன் போலிருந்தது. மாமா சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே, "இந்தப் பொண்ணுக்கும் ஒருக்காப் பிரஷர் பாத்துருங்க டாக்டர்" என்றார். நர்ஸ் பட்டையைச் சுற்றினார். அளவு நார்மல். டாக்டர் என்னைப் பார்த்து, "நீங்களும் நடக்கறீங்களா?" என்றார். நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது மாமா சொன்னார்: "முட்டை தேடறா சார்."

காரில் வீடு திரும்பும்போது, முட்டை விஷயம் தெரியுமா என்று கேட்டுவிட வேண்டும் என்று இருந்தேன். அவர் அத்தையிடம் பேத்தியின் மூக்கு யாரைப்போல என்று சண்டை போட்டுக்கொண்டு வந்தார். கேட்கவில்லை. அவர் சேலத்திலேயே தங்கிவிட்டார். பை மட்டும் எங்களிடமே இருந்துவிட்டது. இப்போது அங்கே பேத்தியைத் தள்ளுவண்டியில் வைத்துத் தெருத்தெருவாக நடக்கிறாராம். யாராவது கேட்டால் சொல்ல ஒரு பதில் இருக்கிறது. என் நடை மட்டும் அவர் போனதோடு நின்றுவிட்டது. யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வாரம் போன் செய்தார். சித்திரையில் பேத்தியையும் கூட்டிக்கொண்டு எல்லோரும் வருகிறார்களாம். கறுப்புப் பெட்டையைப் பற்றி விசாரித்தார், குஞ்சுகள் எத்தனை தேறின என்று கேட்டார். கடைசியில், "பையில அந்தத் துணிய எடுத்துப்போட்டு வேற வெச்சுரு சாமி. கறை தெரியாத மாதிரி கறுப்புத் துணியாப் பாத்து வெய்யி" என்றார்.

துணி வெட்டி வைத்துவிட்டேன். பழைய துண்டைத் தூக்கிப் போட மனம் வராமல் இன்னும் பையிலேயே இருக்கிறது. இதைப் படிப்பவர்களில் மாமனாரோடு இருப்பவர்கள், மருமகளோடு இருப்பவர்கள், யாராவது ஒரு யோசனை சொல்லுங்கள். நேராகக் கேட்டுவிடுவதா? கேட்டு, தெரியும் என்று அவர் சொல்லிவிட்டால், பிறகு எங்கள் இருவரையும் எதைச் சொல்லிக் காபிச் செடிக்குள் இறக்குவது? கேட்காமல் இருப்பதா? சித்திரைக்கு அதிக நாள் இல்லை. பழகிக்கொள்வதற்காக இன்று காலை ஒரு முட்டையைச் சில்வர் ஓக் மரத்தடிவரை கொண்டுபோய் வைத்துவிட்டு, நானே திரும்பப் போய் எடுத்துக்கொண்டு வந்தேன். வழியில் ஒருவர், "எங்கீங்க?" என்று கேட்டார். பதில் என்னிடம் இருந்தது.