ஆட்சேபணைக்கு அடுத்த வார்த்தை

ஆம்பூர்ச் சுற்றுவட்டாரத்திலேயே ப்ளூ பிரிண்ட் படித்து வீடு கட்டிய முதல் கொத்தனார் நான்தான். பொய். ப்ளூ பிரிண்டில் நான் படித்தது நீல நிறத்தை மட்டும்தான். அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் தலையாட்டியிருக்கிறேன். அந்தக் காலத்தில் எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். அந்தக் கையெழுத்துதான் என்னைக் கவிழ்த்தது.

எழுபதுகளின் கடைசியில், என் வீட்டுக்குப் பின்னால் கிடந்த காலி மனையை ஒரு தோல் வியாபாரி வாங்கினார். பச்சைத் தோலை உப்புப் போட்டு அடுக்கி வைக்க அங்கே குடோன் கட்டப் போகிறாராம். லாரி லாரியாக மண்ணைக் கொட்டி மனையை மேடாக்கினார். மேட்டில் விழுகிற மழை இனிமேல் பள்ளத்திலிருக்கும் என் வீட்டுக்குத்தான் வரும் என்பது எனக்கே புரிந்தது. என் வீடு மண்சுவர். உப்புத் தண்ணீர் இரண்டு மழைக்காலம் நக்கினால் சுவர் கரைந்து கூரை என் தலையில் வந்து உட்காரும்.

கட்ட அனுமதி வேண்டுமென்றால் மழைத்தண்ணீர் எந்த வழியாக வெளியே போகும் என்று பிளானில் கோடு போட்டுக் காட்ட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரனும் கையெழுத்துத் தர வேண்டும். அதற்காக வியாபாரியின் கணக்குப்பிள்ளை ஒரு காகிதத்தோடு என்னிடம் வந்தார்.

"தண்ணி என் ஊட்டுக்குள்ள பூரும்யா. எனக்கு ஆட்சேபணை கீது" என்றேன். அந்தச் சொல்லை டீக்கடையில் யாரோ பெரிய மனிதர் சொல்லக் கேட்டு, எதற்காவது உதவும் என்று பத்திரமாக வைத்திருந்தேன்.

"அதத்தான் எழுதிக்கினு வந்துகிறேன்."

"ஆட்சேபணைன்னு போட்டுகீதா?"

"இதோ பாரு, இதான் அந்த எழுத்து."

விரல் வைத்துக் காட்டினார். அவர் பொய் சொல்லவில்லை. ஆட்சேபணை என்றுதான் இருந்தது. அதற்கு அடுத்த வார்த்தையின் மேல் அவருடைய கட்டைவிரல் இருந்தது. நான் மேதாவி மாதிரி மூன்று முறை உற்றுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அவருக்கு டீ வேறு வாங்கிக் கொடுத்தேன்.

குடோன் எழும்பியது. கால்வாய் எதையும் காணோம். அதற்குப் பதிலாக மதிற்சுவரின் அடியில், என் வீட்டைப் பார்த்து ஒரு ஓட்டை. முதல் மழையிலேயே உப்பும் மயிருமாக நாற்றத் தண்ணீர் வந்து எங்கள் அடுப்பை மூழ்கடித்தது. வியாபாரியிடம் ஓடினேன். அவர் அந்தக் காகிதத்தை எடுத்து, சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி வாசித்தார்.

"ஆட்சேபணை இல்லை! டேய், இது உன் கையெழுத்துதானே? இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டு இப்ப வந்து இன்னா பேஜார் பண்றே?"

எல்லோரும் சிரித்தார்கள். விஷயம் என்னைப் பற்றியதாக இல்லாவிட்டால் நானும் சிரித்திருப்பேன். வீட்டில் பெண்டாட்டி மட்டும் சிரிக்கவில்லை. தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டே, "நீ கைநாட்டா இருந்தப்பவே தேவல" என்றாள்.

அன்றைக்குக் கறுவிக்கொண்டேன். வீம்புக்குப் படிக்க ஆரம்பித்தேன். பஸ் போர்டு, சிமெண்ட் மூட்டை, சினிமா போஸ்டர் என்று ஒன்றையும் விடவில்லை. ‘இல்லை’ என்று எங்கே எழுதியிருந்தாலும் அதன்மேல் துப்பத் தோன்றும். ஒரு வருஷம் கழித்து முனிசிபாலிட்டிக்குப் போய், ஓவர்சியரிடம் அந்த பிளானைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். இந்த முறை நேராகப் பிடித்தேன். மழைத்தண்ணீர்க் கோடு தெருப் பக்கம் ஓடியது. என் பக்கத்துச் சுவரில் ஓட்டையே கிடையாது.

ஐப்பசி மழைக்கு ஒரு வாரம் முன்னால், என் பக்கத்திலிருந்து அந்த ஓட்டையைச் செங்கல்லும் சிமெண்டும் வைத்து அடைத்தேன். வெடிப்பு விடாமல் நான் பூசிய பூச்சு என் ஆயுசில் அது ஒன்றுதான்.

மழை மூன்று நாள் அடித்தது. குடோனுக்குள் முழங்கால் தண்ணீர். கட்டுக் கட்டாகத் தோல் ஊறியது. அந்த நாற்றம் அன்றைக்கு மட்டும் எனக்குப் பிரியாணி வாசனை.

வியாபாரி ஓவர்சியரையே கூட்டிக்கொண்டு வந்தார். "சார், இந்த ஆளு ஓட்டைய அடச்சிட்டான்!"

ஓவர்சியர் குடைக்கடியில் பிளானை விரித்தார். "எந்த ஓட்டைய? இதுல ஓட்டையே இல்லியே."

"கட்டும்போது வுட்டது சார்…"

"அப்ப பிளான்ல இல்லாதத கட்டினீங்களா?" ஓவர்சியர் மெதுவாகத்தான் கேட்டார். "மொதல்ல தெருப் பக்கம் கால்வா வெட்டுங்க. இல்லாட்டி குடோனப் பூட்டிடுவேன்."

அந்த மழையில் எந்தக் கொத்தனாரும் வரவில்லை. எல்லாரும் என் தோஸ்துகள். கடைசியில் வியாபாரி என் வாசலுக்கே வந்து நின்றார்.

"மேஸ்திரி, நீங்கதான் வெட்டித் தரணும்."

"வெட்றேன் மொதலாளி. ஆனா தண்ணி ஓடறதுக்கு வாட்டம் பாக்கணும். நூலோட ஒரு முனைய நீங்கதான் புடிக்கணும். வேற ஆளு புடிச்சா எனக்குச் சரியா வராது."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தத் தண்ணீரில் இறங்கினார். வாட்டம் பார்க்க ஐந்து நிமிஷம் போதும். நான் ஒரு பீடி பற்ற வைத்தேன்.

"கொஞ்சம் பீச்சாங்கை பக்கம் வாங்க மொதலாளி… இல்ல இல்ல, சோத்தாங்கை பக்கம்… குனிங்க… இன்னும் குனிங்க, நூலு தண்ணியத் தொடணும்…"

அவர் மூக்குக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது. அப்போது நான் அவரிடம் கேட்டேன் –

"யோவ்! தண்ணி லாரி வந்துட்ச்சி! எழுதிக்கினே குந்திகினு இருந்தா ஆவுமா? கொடத்த எடுத்துனு வா!"

பெண்டாட்டி. போகாவிட்டால் குடம் என் தலையில் உடையும். அவர் அங்கேயே குனிந்து நிற்கட்டும்.