மீதியைத் திருப்பிக் கொடுத்த கண்டக்டர்

கண்டக்டர் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. ஊரில் யாரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவரும்தான். வீட்டுக் கூடத்தில் நாலு பேர் சேர்ந்து நின்றுவிட்டால், "உள்ள நகருங்க, உள்ள இடம் இருக்கு" என்று அவர் வாய் தானாகச் சொல்லிவிடும். முப்பத்தொரு வருடம் ஒரே தடத்தில் பஸ்ஸில் போய் வந்தவர். அத்தனை வருடத்தில் ஒருவருக்கும் மீதிச் சில்லறை தராமல் இறங்கவிட்டதில்லை. கடவுளிடம் பேசும்போது அவர் தலை நிமிர்ந்து சொல்லிக்கொள்வது அந்த ஒன்றைத்தான்.

தபால் ஆபீஸ் மாடியில் இரண்டு அறையில் ஊர் வரலாற்று நூலகம் இருக்கிறது. பழைய தெரு வரைபடங்கள், பள்ளிக்கூட வருகைப் பதிவேடுகள், மூடிப்போன நூல் மில்லின் சம்பளப் பதிவேடுகள் எல்லாம் அங்கேதான். ஊர்க்காரர்கள் கொடுக்கிற நன்கொடையில் அது ஓடுகிறது. ஓடுகிறது என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை.

கண்டக்டரின் அம்மா அந்த மில்லில் பதினொரு வருடம் வேலை செய்தவர். எழுதத் தெரியாது. வாரா வாரம் சம்பளம் வாங்கிக் கைநாட்டு வைத்தார். ஐந்நூற்று எழுபத்தொரு கைநாட்டு. ஒரே ஒரு கட்டம் மட்டும் காலி. அது கண்டக்டர் பிறந்த வாரம். அடுத்த வாரமே கைநாட்டு இருக்கிறது, கொஞ்சம் சாய்ந்து. அம்மாவுக்குப் போட்டோ எதுவும் கிடையாது. அதனால் வாரத்தில் ஒரு மதியம் கண்டக்டர் மாடியேறிப் போய் அந்தப் பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

நூலகத்தின் கூரைத் தகரம் துருப்பிடித்து ஒழுக ஆரம்பித்தது. நகரத்து ஆவணக் கிடங்கிலிருந்து கடிதம் வந்தது. மாதக் கடைசிக்குள் கூரை மாற்றாவிட்டால் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்களாம். பிறகு ஒரு பதிவேட்டைப் பார்க்க மூன்று வாரம் முன்னால் எழுதிக் கேட்க வேண்டும். கையால் தொடக்கூடாது.

நூலகக் குழுவின் தலைவர் பல் டாக்டர். எதிரே இருப்பவரால் பதில் பேச முடியாது என்ற பழக்கத்திலேயே பேசுகிறவர். ஆளுக்கு நூறு என்று நோட்டீஸ் அடித்து, ரசீதுப் புத்தகத்தைக் கண்டக்டரிடம் கொடுத்தார். கண்டக்டர் பதினெட்டுத் தெரு நடந்தார். ஒரு வீடு விடவில்லை. மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது குழு கூடியது. இன்னும் பத்தாயிரம் போலக் குறைந்தது.

"மரக்கடைக்காரரே பத்தாயிரம் குடுத்தாராமே, அது எங்க?" என்றார் பல் டாக்டர்.

"குடுத்தாருங்க. நூறுக்கு ரசீது போட்டுட்டு மீதியைக் குடுத்துட்டேன்."

"எதை?"

"ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம். எண்ணித்தான் குடுத்தேன். அவரும் சரிபார்த்து வாங்கிக்கிட்டாரு."

பல் டாக்டர் அன்றைக்குத் தன் வாயைத் திறந்தபடி வைத்திருந்தார்.

"அண்ணே," என்று நூலகர் அம்மா மெதுவாகக் கேட்டார், "இப்படி எத்தனை பேருக்குக் குடுத்தீங்க?"

"கேட்டவங்களுக்கும் குடுத்தேன், கேக்காதவங்களுக்கும் குடுத்தேன். நோட்டீஸ்ல நூறுன்னுதானேம்மா போட்டிருக்கு?"

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அப்போதுதான் லாரி கண்ணில் தெரிந்தது.

"போய்க் கேளுங்க," என்றார் மனைவி.

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கறது எப்படி?"

"அவர் குடுத்ததை நீங்க திருப்பிக் குடுத்தீங்களே, அது எப்படியோ அப்படி."

மறுநாள் காலை மரக்கடைக்குப் போனார். ரம்பம் அலறிக்கொண்டிருந்தது. மரக்கடைக்காரர் மேஜையிலிருந்து நிமிர்ந்தார்.

"வாங்க கண்டக்டர். இன்னும் மீதி இருக்கா?"

"இல்லைங்க. அதைத் திரும்ப வாங்கிக்கலாம்னு வந்தேன்."

"என் ஆளுங்க முன்னாடி எண்ணி என் கையில வச்சீங்க. என் மச்சான் இன்னும் சிரிச்சு முடிக்கலை. சரி, அந்தக் காகிதம் எங்க போனா உங்களுக்கு என்ன?"

"எங்கம்மா கை அங்க இருக்குங்க."

மரக்கடைக்காரர் ரம்பத்தை நிறுத்தச் சொன்னார். "என்ன இருக்கு?"

கண்டக்டர் சொன்னார். காலிக் கட்டத்தையும் சொன்னார். மரக்கடைக்காரர் மேஜை இழுப்பறையைத் திறந்து நோட்டுக் கட்டை எடுத்து வைத்தார்.

அதோடு எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் கண்டக்டரின் கை நீளவில்லை. அதைப் படைத்தவனாலும் நீட்டவைக்க முடிந்திருக்காது.

"ஆளுக்கு நூறுங்க. தொண்ணூத்தொன்பது பேர் சொல்லுங்க, ரசீது போட்டுடறேன்."

"என் பேர்லயே போடுங்களேன்."

"உங்களுக்குப் போட்டாச்சு. ஒரே ஆளுக்கு ரெண்டு டிக்கெட் எப்படிங்க?"

மரக்கடைக்காரர் மச்சானைப் பார்த்தார். மச்சான் சிரிப்பதை நிறுத்திவிட்டு, நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

முதலில் வேலையாட்கள் பேர் வந்தது. பிறகு லாரி டிரைவர்கள், சித்தப்பா பிள்ளைகள், பழைய வாத்தியார்.

"செத்துப்போனவங்க செல்லுமா?"

"செல்லும். உட்கார இடம் கேக்க மாட்டாங்க."

அதற்குப் பிறகு கொஞ்சம் வேகம் பிடித்தது. அறுபத்திரண்டில் நின்றுபோனது. மரக்கடைக்காரர் மனைவிக்குப் போன் போட்டார். அந்த அம்மா மூச்சு விடாமல் இருபத்தெட்டுப் பேர் சொன்னார். அதில் இருபத்தாறு அவர் பிறந்த வீட்டுப் பக்கம்.

"இவங்கள்லாம் நம்ம ஊரே இல்லையே," என்றார் மரக்கடைக்காரர்.

"எழுதறவரே கேக்கலை, நீங்க ஏன் கேக்கறீங்க?" என்றது போன்.

தொண்ணூறு. மணி நாலரை. மரக்கடைக்காரர் பிடரியைச் சொறிந்தார்.

"நான் பேச்சை நிறுத்தினவங்க சரியா ஒன்பது பேர் இருக்காங்க."

"அவங்களுக்கும் கூரை அதேதானுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு பேராகச் சொன்னார். எதிர்த்தெரு மரக்கடைக்காரர் பேர் சுலபமாக வந்துவிட்டது. சொந்த அண்ணன் பேர் வர நேரமானது. கண்டக்டர் அவசரப்படுத்தவில்லை, வயதானவர் படியிறங்கும்வரை விசில் ஊதாமல் நிற்கிறவர் மாதிரி, பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். கடைசி ரசீதைக் கிழித்துக் கொடுத்த பிறகே நோட்டுக் கட்டைத் தொட்டார்.

பழைய தகரத்தைப் பிரித்துப் புதுத் தகரம் போட ஐந்து நாள் ஆனது. மாதக் கடைசியில் லாரி வந்தேவிட்டது. வர வேண்டாம் என்று டிரைவருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் மாடியேறிக் கூரையைப் பார்த்து, நல்ல தகரம் என்று சொல்லிவிட்டு வெறும் லாரியோடு போனார்.

முதல் மழை ஒரு மதியத்தில் பிடித்தது. கண்டக்டர் குடையை மறந்துவிட்டு ஓடி வந்து மாடியேறினார். பதிவேட்டை எடுத்துப் பிரித்து வைத்துக்கொண்டார்; அதைப் பார்க்கவில்லை. முக்கால் மணி நேரம் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலேயிருந்து ஒரு சொட்டு விழவில்லை.

"அண்ணே," என்றார் நூலகர் அம்மா, "உங்க தலையிலிருந்து சொட்டுது. பதிவேட்டை விட்டுத் தள்ளி உட்காருங்க."

தள்ளி உட்கார்ந்தார்.