திராட்சைக்குத் தண்ணீர் நிறுத்திய இருபது நாட்கள்

யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம்கள் எங்களை வெளியேற்றியபோது எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடம் அதோடு சரி. பிறகு உப்பளம், மீன்வாடி, லொறி என்று எங்கெங்கோ வேலை செய்தேன். யுத்தம் முடிந்தபின், குறிஞ்சிப்பிட்டிக்கு அருகே பாழாய்க் கிடந்த திராட்சைத் தோட்டத்தை ஒரு வெளிநாட்டுக்காரர் குத்தகைக்கு எடுத்து ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். தன் நாட்டில் வைன் செய்தவர். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறைச் சிங்களம்.

திராட்சை தெரியுமா என்று கேட்டார். வாப்பாவின் தொழிலே அதுதான் என்றேன். அது உண்மை. எனக்குத் தெரியும் என்று சேர்த்துச் சொன்னதுதான் பொய். பந்தலுக்கடியில் இலை பொறுக்கியதைத் தவிர நான் எதுவும் செய்ததில்லை.

தங்குவதற்குத் தண்ணீர் மோட்டர் அறையைத் தந்தார். என் மனைவி அந்தப் பக்கத்துக்காரி, வெங்காயத் தோட்டத்தில் வளர்ந்தவள். வைன்காரனிடம் வேலைக்குப் போனதால் அவளுடைய ஆட்கள் எங்களோடு கதைப்பதை விட்டார்கள். அந்த அறை போனால் எங்களுக்குப் போக இடமில்லை.

இரண்டு வருடம் தினமும் தண்ணீர் விட்டோம். கொடி பச்சைப்பசேலென்று படர்ந்தது, ஒரு குலைகூட வைக்கவில்லை. தன் ஊரில் பனி வந்து கொடியைத் தூங்க வைக்கும், இங்கே அதற்குத் தூக்கமே இல்லை என்றார் அவர். இந்த முறையும் காய்க்காவிட்டால் திரும்பிப் போவதாகவும் சொன்னார். உன் வாப்பா என்ன செய்வார் என்று கேட்டார்.

ஞாபகத்தில் இருந்ததைச் சொன்னேன். கிளையை வெட்டி, இலையை முழுதும் உருவி, அடிமண்ணைத் தோண்டி, மேல் வேரை நறுக்கி வெயிலில் விட்டு, தண்ணீரை நிறுத்துவார். எத்தனை நாள் என்றார். அது ஞாபகத்தில் இல்லை.

இருபது என்றேன்.

நான் வேர் நறுக்குவதைப் பார்த்துக்கொண்டு மனைவி நின்றாள்.

"இது உங்கட ஊர் செம்மண் இல்ல. வெறும் மணல். ரெண்டு நாள் தண்ணி இல்லாட்டி வெங்காயமே சுருண்டுடும்."

"வெங்காயத்துக்கும் முந்திரிகைக் கொடிக்கும் என்ன கதை? நீ உள்ளுக்குப் போ."

கச்சான் காற்று நெருப்பாய் அடித்த மாதம் அது. எட்டாம் நாள் கொடித்தண்டில் வெடிப்புக் கண்டது. வேலிக்கு அப்பால் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர், "என்ன காக்கா, வெள்ளைக்காரனுக்கு விறகு காயப் போடுறீங்களா?" என்று கேட்டார். பன்னிரண்டாம் நாள் வெளிநாட்டுக்காரர் மோட்டரைப் போட வந்தார். கையைப் பிடித்துத் தடுத்தேன். இடையில் விட்டால் எல்லாம் கெட்டுவிடும் என்றேன். அவர் என்னை நம்பித் திரும்பிப் போனார்.

இருபத்தோராம் நாள் தண்ணீர் விட்டோம். பிறகு இரண்டு கிழமை, பதினாலு நாள் காத்திருந்தோம். அவர் வரிசை வரிசையாகப் போய் நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தார். எல்லாம் காய்ந்து பழுப்பாக இருந்தது. கிணற்றடியில் மட்டும் ஒரு கொடி துளிர்த்திருந்தது. அது எப்படித் தப்பியது என்று கேட்டார். ஐந்து நேரத் தொழுகைக்கும் அங்கே நின்றுதான் கைகால் கழுவி ஒழுச் செய்கிறேன், அந்தத் தண்ணீர்தான் என்றேன்.

அதன் முன்னால் குந்தியிருந்தபடியே, உன் வாப்பா உண்மையில் எத்தனை நாள் நிறுத்துவார் என்று கேட்டார்.

தெரியாது என்றேன். எனக்கு அப்போது ஒன்பது வயது என்றேன்.

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். தன் ஊரிலிருந்த காணியை விற்றுவிட்டு வந்தவர் அவர், அதைப் பிறகுதான் அறிந்தேன். மாத முடிவில் அறைப் பூட்டையும் திறப்பையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

எலுவன்குளத்தில் வயலுக்கு ஆள் வேண்டும் என்றார்கள். மூட்டையோடு நானும் மனைவியும் பஸ் ஏறினோம். வயல்காரர் எங்கள் மூட்டையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வரம்பு ஓரத்தில் ஒரு குடிசை காலியாக இருந்தது.

"வயல் வேலை தெரியுமா?"

மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம்," என்றேன். "சின்ன வயசிலேயே செய்த வேலை."