தொத்தோரே தொடக்கிய ஏடு

என் தம்பிக்கு ஏடு தொடக்கியவர் ஒரு கானா நாட்டுக்காரர். இத்தாலியின் பலெர்மோ நகரில், சீசா என்ற பகுதியில் நாங்கள் இருந்த வீட்டுக்கு மேல்மாடியில் அவர் குடும்பம் இருந்தது. வுச்சீரியாச் சந்தைப் பக்கத்து உணவகமொன்றில் அவரும் அப்பாவும் சேர்ந்து கோப்பை கழுவினார்கள்.

அவர் கறுப்பு அங்கியோடு பட்டம் வாங்கிய படம் அவர்கள் முன்னறையில் தொங்கியது. அவருடைய மகளும் நானும் ஒரே வகுப்பு. அவர் படித்த அரசுப் பல்கலைக்கழகம் வெள்ளைக்காரர் காலத்தில் கல்லூரியாகத் தொடங்கியதாம். விடுதலைக்குப் பிறகு நாட்டுக்கே பெரிய பல்கலைக்கழகமானதாம். நாட்டை ஆண்டவர்களே அங்கே படித்தவர்களாம். தன் தகப்பனே கல் சுமந்து கட்டியதுபோல அவள் அளப்பாள். எனக்கு வயிறு எரியும். எங்கள் சுவரில் சாமிப்படமும் கலண்டரும்தான் இருந்தன.

இத்தாலியில் பட்டதாரியைத் தொத்தோரே என்று மரியாதையாக அழைப்பார்கள். கோப்பை கழுவுகிறவரை யார் அப்படி அழைப்பது? அப்பா மட்டும் அழைத்தார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

விஜயதசமி வந்தது. படித்தவர் ஒருவர் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் முதல் எழுத்தை எழுதுவிப்பது எங்கள் வழக்கம். தம்பிக்கு அப்பாதான் தொடக்குவார் என்று நம்பி, அதைப் பார்க்கட்டுமென்றே மேல்வீட்டு மகளை வரச்சொல்லியிருந்தேன்.

"மேல்வீட்டுத் தொத்தோரேயைக் கேட்டிருக்கிறன்," என்றார் அப்பா.

"அவருக்குத் தமிழே தெரியாது. நீங்களே தொடக்குங்கோவன்."

"அவர் கம்பஸ் முடிச்சவர். நான் போகேல்லை."

"விடு பிள்ளை," என்றார் அம்மா.

வெள்ளைச் சட்டையோடு வந்தவர் சிரமப்பட்டுச் சம்மணமிட்டார். எழுத்து கோணிப்போக வேண்டுமென்று பிள்ளையாரை வேண்டினேன். பிள்ளையார் கேட்கவில்லை. 'அ' அழகாக விழுந்தது. ஒரு வாரமாகப் பீட்சாப் பெட்டி அட்டைகளில் அப்பா அவருக்குப் பழக்கியிருந்தாராம். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

அவல் சாப்பிடும்போது அப்பா அவரைத் துளைத்தெடுத்தார். நூலகம் எத்தனை மணிவரை திறந்திருக்கும், யன்னலோரம் இடம் கிடைக்குமா, விடுதியில் ஓர் அறைக்கு எத்தனை பேர். அவர் சொல்லச்சொல்ல அப்பாவின் தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. தன்னோடு கோப்பை கழுவுகிறவருக்கே அப்பா பந்தம் பிடிக்கிறார் என்று எனக்கு ஆத்திரம்.

இலங்கையில், வன்னியிலிருந்து பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான அப்பா, சண்டையில் பாதை பூட்டியதால் அதன் வாசலைக்கூடக் காணவில்லை என்று, நான் வளர்ந்த பிறகுதான் அம்மா சொன்னார். அன்றைக்கு அந்த அறையில் பொறாமைப்பட்டது நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.