மாட்டுக் கொட்டாய்க்குப் போன பேனர்

வெளிநாட்டில் டாக்டருக்குப் படித்தாலும், இங்கே வைத்தியம் பார்க்க ஒரு பரீட்சை தேறணும். அதில் தோற்று, மறுபடி எழுதச் சேலத்துக்குக் கோச்சிங் போகும் ஒருவரை அரூரிலிருந்து போகும் பஸ்ஸில் பார்த்தேன். ஒல்லியான ஆள். புத்தகத்தில் விடையை விரலால் மூடிக்கொண்டு உதட்டுக்குள் பதில் சொல்லுவார்.

"டாக்டருங்களா தம்பி?"

"இன்னும் இல்லீங்க. ஃபெயிலாயிட்டேன்" என்று பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி சிரித்தார்.

"ஊருக்கு வந்த அன்னிக்கே பங்காளிங்க 'டாக்டர்'னு என் போட்டோவோட பேனர் வெச்சிட்டாங்க. தோத்தப்புறம் அதத் தாண்டவே கூசுச்சுங்க. ஒரு நாள் பொறுக்க முடியாம, 'நான் தேறல, கழட்டுங்க'ன்னு எல்லாரு முன்னாடியும் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"பெரியப்பா, 'அட, இதுக்கா மூஞ்சிய மறைச்சிக்கிட்டுத் திரிஞ்ச? எம் மாட்டுக் கொட்டாய் ஒழுவுது, குடுடா'ன்னு எடுத்துட்டுப் போயிட்டாரு. இப்ப மாட்டுக்கு மேல நான் சிரிச்சிட்டிருக்கேன். அன்னியிலிருந்துதாங்க படிக்கிறது மண்டையில நிக்குது."

"பாஸானா திரும்ப வைப்பாங்களே?"

"பெரியப்பாவுக்கு இன்னொரு கொட்டாயும் ஒழுவுதுங்க."

சேலத்தில் இறங்கிக் கூட்டத்தில் கலந்துவிட்டார். தேறினாரா, தெரியாது. தோற்றதை இப்படிச் சிரித்துக்கொண்டு சொல்கிறவரிடம் நான் பயமில்லாமல் ஊசி போட்டுக்கொள்வேன்.